பதினோராம் குழாய்

பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் பதினோராம் குழாய் மறுபடியும் அவளுக்குத் தரப்பட்டது.

கூடம் நீளமானது, ஜன்னல் இல்லாதது. மேசை ஓரமாக வரிசையாய் இரும்புக் குழாய்கள் நின்றன. ஒவ்வொரு குழாய்க்கு முன்னாலும் தொப்பியும் முகமூடியும் போட்ட ஒரு பெண். கையுறையின் வாயைக் குழாயில் மாட்டிக் காலால் மிதியை அழுத்தினால் காற்று ஏறும். தொளதொளவென்று கிடந்த ரப்பர் நிமிர்ந்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் புடைத்து, ஒரு முழுக்கை முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும். அதை விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது இடக்கூடைக்கு, கெட்டது வலக்கூடைக்கு. காலை எடுத்ததும் கை பெருமூச்சு விட்டுச் சரியும். உடனே அடுத்ததை மாட்ட வேண்டும்.

வாசலில் நின்று பார்த்தால் கூடம் முழுக்க வெள்ளைக் கைகள் எழுந்து எழுந்து விழுவது தெரியும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் அந்த வாசலில் கொஞ்சம் நின்றுவிடுவார்கள். எட்டு வருஷம் வேலை பார்த்த இடம்தான் என்றாலும் அன்றைக்கு அவளும் நின்றாள்.

பத்தாம் குழாயில் தும்மலக்கா இருந்தார். கையுறைகள் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற மாவு அவர் மூக்குக்கு ஆகாது. சேர்ந்த நாளிலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறார். பதவி உயர்வு கிடைக்காததற்கும் அதுதான் காரணம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"வந்துட்டியாடி?"

"வந்துட்டேன்க்கா."

"உடம்பு தேவலாமா?"

"தேவலாம்."

"எட்டு மாசமா படுத்துக் கிடந்தான்னாங்களே, துரும்பா இளைச்சிருப்பான்னு நெனச்சேன். இப்படி ஊதிப் போயிருக்க! ஆஸ்பத்திரியில குழாய்ல மாட்டி மிதிச்சாங்களா?"

அவள் சிரித்தாள். சிரித்தவுடனே நிறுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சிரிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கவனிக்கும் பழக்கம் வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவள் கவனித்துக்கொண்டாள்.

முதல் கையுறையை மாட்டினாள். விரல்கள் லேசாக நடுங்கின. நடுக்கம் மாத்திரையால் வருவது. தாகமும் அதனால்தான். டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "நடுக்கம் போகப் போகக் கொறையும். ரத்தம் எடுத்துப் பாத்து அளவ நான் மாத்துவேன். நீங்களா மாத்தக் கூடாது, நீங்களா நிறுத்தக் கூடாது." கையுறையின் வாய் குழாயின் விளிம்பில் இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை உட்கார்ந்தது. மிதித்தாள். கை எழுந்தது. அது ரப்பர்தான். ரப்பரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு இடக்கூடையில் போட்டாள்.

தேநீர் இடைவேளையில் வேறு யாரும் அவளோடு பேசவில்லை. பழைய முகங்கள் டம்ளருக்குள் பார்த்துக் குடித்தன. புதுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை எவ்வளவுடி?"

"முக்கால் காத்தாடி. முதுகே விட்டுப் போச்சு."

"நான் அரையத் தாண்டல. சூப்பர்வைசர் பாத்த பார்வையில அந்த அரையும் காலாயிடுச்சு."

அவள் தும்மலக்கா பக்கம் திரும்பினாள். "காத்தாடின்னு எதச் சொல்றாங்க?"

தும்மலக்கா தும்மினார். வந்த தும்மலா வரவழைத்ததா என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு போடணும்னு நீ போனப்புறம் புதுசா இலக்கு வெச்சாங்க, அதத்தான் சொல்றாங்க. அந்தக் கணக்குக்கு அப்படிப் பேரு வந்துடுச்சு."

"என் பேரா?"

"வேற யாரு பேரு? நீ வீட்டுக்குப் போயிட்ட. உன் வேகம் போகல, இங்கயே நின்னுடுச்சு."

போன வருஷக் கோடையில் அவளுக்குத் தூக்கம் தேவைப்படாமல் போயிருந்தது. களைப்பும் இல்லை, பசியும் இல்லை. கைகள் அவளைக் கேட்காமலே ஓடின. பக்கத்துக் குழாய்க்காரிகள் ஒன்று போடுவதற்குள் இரண்டு போட்டாள், பிறகு மூன்று போட்டாள். சூப்பர்வைசர்தான் காத்தாடி என்று பேர் வைத்தார். மேலதிகாரிகள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். வேகம் அளக்கிற ஆள் ஒருவர் கையில் கடிகாரத்தோடு இரண்டு நாள் முதுகுக்குப் பின்னால் நின்றார். வீடியோ எடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு காலையில், ஊதிய கையுறைகளைக் காற்றை விட்டுச் சாகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் மணிக்கட்டையும் முடிச்சுப் போட்டு மேசைக்கடியில் சேர்த்தாள். மேசைக்கடி நிறைந்து நடைபாதை நிறைந்தது. கூடத்தின் பாதியில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைக் கைகள் மிதந்தன. ஒன்றைக் கத்தரிக்க வந்த சூப்பர்வைசரின் தோளைக் கடித்துவிட்டாள் என்று பின்னால் சொன்னார்கள். அவளுக்கு அது நினைவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவள் கணவன் வெட்டுக்கத்தி இருந்த இடுப்புப் பையோடு அப்படியே ஓடி வந்து அவளைக் கூட்டிப் போனான்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு வேகமெல்லாம் வடிந்துவிட்டது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சீப்பைத் தலை வரை தூக்குவது மலையைத் தூக்குவதாக இருந்தது. அங்கிருந்து அங்குலம் அங்குலமாக எழுந்து வந்திருந்தாள்.

இடைவேளை முடிந்ததும் சூப்பர்வைசர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். தோளை மட்டும் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"வாம்மா காத்தாடி. நீ வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரெண்டு வாரம் டைம் தந்திருக்காங்க. அதுக்குள்ள இலக்கத் தொட்டுட்டன்னா குழாய் உனக்குத்தான்."

"தொடலன்னா?"

"கழுவுற பகுதி. சம்பளம் ஒரு படி எறங்கும். ஆவி, அமிலம், உனக்கு ஏன்மா அதெல்லாம்? உனக்கு இதெல்லாம் ஊதித் தள்ற வேலை. அப்புறம் ஒண்ணு, ஆறு மாசத்துக்கு மேல லீவுல போனவங்க புது ஆளுங்களோட பயிற்சி வகுப்புல ஒரு நாள் உக்காரணும். விதி. நாளைக்கு உக்காந்துடு."

பயிற்சி அறையில் விளக்கை அணைத்தார்கள். அவள் கடைசி நாற்காலியில் இருந்தாள். திரையில் பதினோராம் குழாய் வந்தது. அதற்கு முன்னால் தொப்பியும் முகமூடியும் போட்ட ஒரு பெண். கண்கள் மட்டும் தெரிந்தன. அவை இமைக்கவே இல்லை.

பயிற்சி தருகிற பெண் குச்சியால் காட்டினாள். "கையப் பாருங்க. எங்கயாச்சும் நிக்குதா? தோளக் கவனிங்க. ஒவ்வொண்ணுக்கும் இடது தோள ஒரு வெட்டு வெட்டுறாங்க பாருங்க, அதுலதான் வேகமே. எழுந்திருங்க, எல்லாரும் சேர்ந்து செய்ங்க."

புதுப் பெண்கள் எழுந்து நின்று வெறுங்காற்றில் கைகளை மாட்டினார்கள், சுற்றினார்கள், எறிந்தார்கள். பத்துப் பதினைந்து இடது தோள்கள் ஒரே நேரத்தில் வெட்டி இழுத்தன. அந்த வெட்டு அவளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியும். தோளுக்கு மேலே யாரோ நிற்பதாகத் தோன்றிய வாரத்தில் வந்தது. அவர் முகத்தில் கை படாமல் இருக்கத்தான் தோளை இழுத்துக்கொண்டாள்.

"வாய் அசையுது பாருங்க," என்றாள் பயிற்சிக்காரி. "பாட்டுப் பாடிக்கிட்டே செய்றாங்க. மனசு அவ்வளவு சந்தோஷமா இருக்கு."

முகமூடித் துணி மூச்சுக்குத் தக்கபடி உள்ளே போய் வெளியே வந்தது. அது பாட்டு இல்லை. ஊதி எழுந்த ஒவ்வொரு கைக்கும் அவள் யாருடைய கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ பிள்ளையை வெளியே எடுக்கிற கை. நீ செத்தவனைக் கழுவுகிற கை. நீ என் கை. அசையும் துணியைப் பார்த்து அவளால் ஒவ்வொரு சொல்லையும் படிக்க முடிந்தது. புதுப் பெண்களில் இரண்டு மூன்று பேர் தோளோடு உதட்டையும் அசைத்தார்கள்.

விளக்கைப் போட்டதும் பக்கத்து நாற்காலிப் பெண் அவள் காதில் குனிந்தாள். "அதெல்லாம் டூப்புக்கா. வீடியோவ வேகமா ஓட விட்டிருக்காங்க. மனுஷங்களால முடியுமா அது?"

திரையில் அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். அதன் விநாடி முள் சாதாரணமாகத்தான் நகர்ந்தது.

"முடியாது," என்றாள்.

வீட்டில் உள்ளறைக்குக் கதவு இல்லை. அந்தக் கோடையில், காற்று வரட்டும் என்று எல்லாக் கதவுகளையும் அவளே கழற்றி மாடியில் அடுக்கியிருந்தாள். கணவன் மற்றதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டான். உள்ளறைக் கதவு மட்டும் சுவரில் சாய்ந்தே நின்றது. கேட்டால் திருகாணி கிடைக்கவில்லை என்பான். கடையில் திருகாணி கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அறையில்தான் அவள் படுத்தாள்.

சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தான்.

"எப்படிப் போச்சு?"

"பாதிதான் வருது. கை நடுங்குது. தண்ணி குடிக்க எழுந்து போனா அதையும் எழுதிக்கிறாங்க."

"கழுவுற பகுதிக்கே போயிடேன். நீ முழுசா இருந்தா போதும் எனக்கு."

"எட்டு வருஷமா கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். அதையும் விட்டுட்டு பிரஷ்ஷத் தூக்கணுமா?"

அவன் கண்ணாடி கீறிய விரல்களைத் தேய்த்துக்கொண்டான்.

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். எட்டு வயது. "அம்மா, அந்த அம்மா ஒரு தடவ என்னைத் தூக்கிச் சுத்துனாங்கல்ல, தெரு முழுக்க. அவங்க இனிமே வரவே மாட்டாங்களா?"

"அது நான்தான்டி கண்ணு."

மகள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெரியவர்கள் பொய் சொல்லும்போது குழந்தைகள் மரியாதைக்காகச் சும்மா இருப்பது போலச் சும்மா இருந்தாள்.

முதல் வாரக் கடைசியில் அவளால் இலக்கில் பாதிக்கு மேல் கொஞ்சம் போட முடிந்தது. போட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஓட்டையுள்ளது எதுவும் இடக்கூடைக்குப் போகவில்லை. மறுபரிசோதனைப் பெண் அதை வியந்து சொன்னாள். சூப்பர்வைசர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"தப்பில்லாம போடுறது நல்லதுதாம்மா. ஆனா எண்ணிக்கை வேணுமே." குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை சாப்பிடுறியாமே? அதான் மந்தமா இருக்கு. எங்க மச்சான் பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டு இப்ப குதிரை மாதிரி ஓடுறாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம்தான் பாக்கி, பழைய மாதிரி ஒரு வாரம் போட்டன்னா போதும். அப்புறம் நீ எப்படிப் போட்டாலும் நான் பாத்துக்குவேன்."

அன்று சாயங்காலம் கணவன் மாத்திரை தந்தபோது அவள் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் தண்ணீர் குடித்தாள். குளியலறைக்குப் போய்த் தாழிட்டு உள்ளங்கையில் துப்பினாள். ஓரம் கரைந்து வெள்ளையாகச் சிறுத்திருந்தது. வாயெல்லாம் கசந்தது. இது இல்லாவிட்டால் நடுக்கம் நிற்கும். தாகம் நிற்கும். நாலைந்து நாளில் கைகள் தாமாகவே ஓட ஆரம்பிக்கும். அதன் சுகம் எப்படி இருந்தது என்பது அவளுக்கு மறக்கவில்லை. அதைச் சொல்லி மற்றவர்களுக்குப் புரிய வைக்க முடியாது.

தொட்டிக்கு மேலே கண்ணாடி இருந்தது. அதில் தன் இடது தோளைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. அசைகிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே மகள் ஏதோ கணக்குக் கேட்டாள். கணவன் தப்பாக விடை சொன்னான். மகள், "உங்கள நம்பி நான் பரீட்சைக்குப் போக முடியாதுப்பா," என்றாள். அவன் சிரித்தான்.

மாத்திரையை மறுபடி வாயில் போட்டுக் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்கினாள்.

மறுநாள் தும்மலக்கா அவளை உடை மாற்றும் அறையில் மடக்கினார். கூடவே நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இத்தனை நாள் பேசாதவர்கள்தான்.

"நாங்க ஒண்ணு யோசிச்சோம். உன் மேல கோவம் இருந்தது, இல்லன்னு சொல்லல. இவளுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு, அவளுக்கு ராத்திரியில கை தானா ஆடுதாம். எல்லாம் உன் கணக்கால வந்த வினை. ஆனா இப்ப நீயே வந்திருக்க, நீயே போட முடியல. திரும்ப அளக்கச் சொல்லுவோம். ஆள் அதே ஆள், குழாய் அதே குழாய். எவன் என்ன சொல்ல முடியும்?"

"வேணும்னே மெதுவா போடச் சொல்றீங்களா?"

"எதுக்குடி வேணும்னே? உன்னால எப்படி முடியுமோ அப்படிப் போடு. ஒரு நல்ல மனுஷி எப்படிப் போடுவாளோ அப்படிப் போடு."

"அளந்து, கொறைச்சு வெச்சாங்கன்னா எனக்கும் குழாய் நிக்கும்," என்றாள் அவள்.

"உனக்கும் நிக்கும், எங்களுக்கும் கை நிக்கும்."

சேர்ந்து போய்க் கேட்டார்கள். தகராறு வரும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு மேலாளர் உடனே சரி சொன்னது ஒரு மாதிரியாக இருந்தது. "தாராளமா அளக்கலாமே," என்றார்.

வெள்ளிக்கிழமை கடிகாரக்காரர் வந்தார். அதே ஆள், அதே கடிகாரம். அவளைப் பார்த்துப் பழைய நண்பர் போலச் சிரித்தார். "அன்னைக்கு உங்கள அளந்தப்ப என் கடிகாரம்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்மா."

அவள் வேலையை ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் நின்றார். அன்றைக்கும் இப்படித்தான் நின்றார். தோளுக்கு மேலே நின்றதாகத் தோன்றிய இன்னொருவர் இப்போது இல்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். மாட்டினாள், மிதித்தாள், சுற்றினாள், எறிந்தாள். நடுங்கிய விரலை நடுங்க விட்டாள். தாகம் எடுத்தபோது எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தாள். சுற்றிலும் எழுந்து விழுந்த கைகளுக்கு நடுவே ஓரிரு இடது தோள்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் நடுக்கம் குறைந்தது. அவள் அளவில் அது நல்ல வேலை. தும்மலக்கா அன்றைக்கு அதிசயமாக ஒரு தடவைதான் தும்மினார்.

ஷிப்டு முடிந்ததும் கண்ணாடி அறையில் மேலாளர், சூப்பர்வைசர், கடிகாரக்காரர் மூவரும் உட்கார்ந்தார்கள். அவளும் தும்மலக்காவும் நின்றார்கள்.

கடிகாரக்காரர் கணக்கைப் பார்த்தார். "இலக்குல பாதிய விடக் கொஞ்சம் கூட. சுத்தமான வேலை. ஆனா இத அளவா எடுத்துக்க முடியாது சார்."

"ஏன் முடியாது?" என்றார் தும்மலக்கா.

"அளக்கறதுக்கு எடுக்கிற ஆள் ஆரோக்கியமா இருக்கணும், அதான் விதி. இவங்க டாக்டர் சர்டிபிகேட்டோட வந்திருக்காங்க. இருதுருவ மனநிலைக் கோளாறு, தொடர் சிகிச்சையில் உள்ளார்னு போட்டிருக்கு. நோயாளியோட வேகத்த எல்லாருக்கும் இலக்கா வைக்க முடியுமாம்மா? நியாயமா?"

"வேலைக்குத் தகுதியானவர்னும் அதுலயே போட்டிருக்குல்ல?"

"வேலைக்குத் தகுதி. அளவுக்குத் தகுதின்னு போடலயே."

தும்மலக்கா மேசையை நெருங்கினார். "அப்ப போன வருஷம் அளந்தீங்களே, அது?"

"அது சரியான அளவுதான். அப்ப இவங்க மேல எந்தச் சர்டிபிகேட்டும் இல்ல. நல்லா இருந்தாங்க. வீடியோவே இருக்கு, சிரிச்ச கண்ணோட பாட்டுப் பாடிக்கிட்டு..."

"சார்," என்றாள் அவள். அந்த அறையில் அவள் பேசியது அப்போதுதான். "அன்னைக்குத்தான் சார் எனக்கு உடம்பு சரியில்ல. ஒரு வாரமா ஒரு பொட்டுக் கண்ண மூடல. அது பாட்டு இல்ல. கையுறைகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் நல்லா இருக்கேன். இதுதான் சார் நான் நல்லா இருக்கிற வேகம்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். கடிகாரக்காரரின் முகம் இளகியது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்த்தபோது அவர்கள் முகமும் அப்படித்தான் இளகும்.

"சரிம்மா, சரிம்மா," என்றார். "நீங்க மனச அலட்டிக்காதீங்க. உக்காருங்க. யாராச்சும் தண்ணி கொடுங்க."

சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்தார். தாகமாகத்தான் இருந்தது. அவள் வாங்கிக் குடித்தாள்.

திங்கட்கிழமை அவளைக் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். பதினோராம் குழாய்க்கு, வீடியோவை டூப்பு என்று சொன்ன பெண் வந்தாள். தும்மலக்காவும் மற்றவர்களும் அவரவர் குழாய்க்குத் திரும்பினார்கள்.

கழுவும் பகுதியில் பீங்கான் கைகள் இருந்தன. ரப்பர் பாலில் முங்கிக் கையுறைக்கு உருவம் தருகிற அச்சுகள் அவை. சங்கிலியில் விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, வரிசை அறுபடாமல் ஆவிக்குள்ளிருந்து வெளியே வந்து அவளைக் கடந்து மறுபடி ஆவிக்குள் போகும். கடக்கும்போது விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் பிசிறை அமிலத்தில் நனைத்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மார்பை மறைக்கும் கவசத் துணி, கண்ணுக்குக் கனத்த கண்ணாடி. அங்கே சங்கிலிதான் வேகத்தை முடிவு செய்தது. அது நிதானமாகப் போயிற்று. தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே இருந்தது. சம்பளம் ஒரு படி இறங்கியது. மகளின் கணக்கு வகுப்பை நிறுத்தினார்கள். கணவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைக்குப் போனான்.

அவள் மாத்திரையை விடவில்லை. ஏப்ரலில் ரத்தம் பார்த்து டாக்டரம்மா அளவைக் கொஞ்சம் குறைத்தார். நடுக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதைச் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். சந்தோஷம் என்றார். குழாய் காலி இல்லை என்றார்.

மே மாதத்தில், கையுறை வாங்குகிற கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு குழு தொழிற்சாலையைப் பார்க்க வந்தது. முதலில் பயிற்சி அறையில் வீடியோ காட்டினார்கள். பிறகு சோதனைக் கூடம். கடைசியாகக் கழுவும் பகுதிக்கு வந்தார்கள். மேலாளரும் சூப்பர்வைசரும் முன்னால் நடந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு நடுவயது அம்மாள் ஆவி படாமல் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்தபடி அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றார்.

"அந்த வீடியோவுல வந்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணுமே," என்றார் அந்த அம்மாள். "கூடத்துல தேடினேன், யாருன்னு தெரியல. இங்கதானே இருக்காங்க?"

சூப்பர்வைசரின் கண் அவள் பக்கம் வந்து தரையில் விழுந்தது.

"இல்லீங்க மேடம்," என்றார் மேலாளர். "அவங்க இறந்துட்டாங்க."

"அய்யய்யோ. சின்ன வயசாத் தெரிஞ்சாங்களே. எப்படி?"

"உடம்பு சரியில்லாம இருந்தாங்க. போன வருஷம்."

அம்மாள் கைக்குட்டையை இறக்கிக் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். கூட வந்தவர்களும் நின்றார்கள். மேலாளரும் கைகட்டித் தலை குனிந்தார். சங்கிலி மட்டும் நிற்கவில்லை. ஒரு பீங்கான் கை பிரஷ் படாமல் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் அதோடு இரண்டடி நடந்து, எட்டிப் பிடித்து, கட்டைவிரல் இடுக்கைத் தேய்த்து விட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

"இவங்க?" என்று அந்த அம்மாள் கண்ணைத் திறந்து கேட்டார்.

"கழுவுறவங்க," என்றார் மேலாளர்.

குழு மதியச் சாப்பாட்டுக்குப் போயிற்று. ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு ஏற்ப ஜூலை முதல் தேதியிலிருந்து சோதனைக் கூடத்தின் இலக்கு கூட்டப்பட்டது.